மொழி வகுப்பில் தொடரடைவு: கருவி காட்டுவதும் காட்டாததும்

1. முன்னுரை

பிறமொழியாளர்க்குத் தமிழ் கற்பிக்கும் வகுப்பறையில் கணிப்பொறி இன்று நிலையான இடம் பெற்றுள்ளது. ஆகவே கருவியைப் பயன்படுத்தலாமா என்பதைவிட, பாடத்தின் எந்தப் படிநிலையில் பயன்படுத்துவது என்பதே ஆசிரியர் எண்ண வேண்டிய வினா. இக்கட்டுரை தொடரடைவு மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்கிறது. தரவகத்தில் ஒரு சொல் வரும் இடங்களைத் திரட்டி, முன்பின் சொற்களோடு வரிவரியாகக் காட்டுவது தொடரடைவு ஆகும்.

2. எழுத்தும் குறியீடும்

கன்னடம் பேசும் மாணவர் ஒருவர் 'மரம்' என்று தேடுவதாகக் கொள்வோம். குறியீட்டு வரிசையை மட்டும் ஒப்பிடும் எளிய மென்பொருள் 'மரத்தை', 'மரங்கள்' ஆகியவற்றைக் காட்டாது. 'மரமும்' என்பதையும் காட்டாது. முதலிரண்டில் சொல்வடிவமே மாறியுள்ளது. மூன்றாவதற்குக் காரணம் வேறு. தமிழ் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. அதனோடு உயிர் கூடி உயிர்மெய் பிறக்கிறது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை. புள்ளியும் உகரக்குறியும் அதன்பின் வரும் தனிக்குறிகள். எனவே 'மரம் + உம்' என இலக்கணம் பிரிப்பதைக் கருவி அவ்வாறு காண்பதில்லை.

'மரத்த' என்று தேடினால் 'மரத்தை', 'மரத்தின்', 'மரத்துக்கு' ஆகியன ஒருங்கே கிடைக்கும். உணர்விழத்தலைக் குறிக்கும் 'மரத்துப்போன' என்பதும் உடன்வரும். வேண்டாத அவ்வொரு வரியை நீக்கும்போதே மாணவர் 'அத்து'ச் சாரியையை அறிந்துகொள்கிறார். கன்னடத்தில் இரண்டாம் வேற்றுமை 'மரவன்னு' எனவும் ஆறாம் வேற்றுமை 'மரத' எனவும் வெவ்வேறு அடிகளைக் கொள்ளும். தமிழில் இரண்டும் 'மரத்து' என்னும் ஓரடியையே கொள்கின்றன. இவ்வேறுபாட்டைத் தொடரடைவின் வரிகள் கண்முன் நிறுத்துகின்றன.

3. கருவியின் மௌனம்

துணைவினை 'விடு' மற்றொரு சான்று. 'விடு' என்று தேடினால் 'விடுதலை', 'விடுமுறை' வரும்; 'வந்துவிட்டான்' வராது. 'விட' என்று தேடினால் 'வந்துவிட்டான்' கிடைக்கும். ஆயினும் பேச்சில் வழங்கும் 'வந்துட்டான்' அப்போதும் அகப்படாது. அதில் 'வி' என்னும் எழுத்தே இல்லை. மேலும் எழுத்து நடையிலிருந்து தொகுத்த தரவகத்தில் அத்தகைய வடிவம் கதைமாந்தர் உரையாடல்களில் மட்டுமே காணப்படும். கருவியில் இல்லாதது மொழியில் இல்லை என மாணவர் முடிவுகட்டினால், தமிழரோடு உரையாடும்போது கேட்கும் வடிவங்களைப் பிழையென்றே கொள்வார். இரட்டை வழக்குமொழியைக் கற்பிக்கும் வகுப்பில் இது சிறு இழப்பன்று.

4. வகுப்பில் ஒரு வரிசைமுறை

இவற்றைக் கருதிப் பின்வரும் முறையைப் பரிந்துரைக்கலாம். முதலில், தாம் எதிர்பார்க்கும் வடிவங்களை மாணவர் தாளில் எழுத வேண்டும். அடுத்து, தேடுதொடரை அவரே தெரிவுசெய்ய வேண்டும். பின்னர்க் கிடைத்த வரிகளை 'வேண்டியவை', 'வேண்டாதவை' எனவும், தாளிலிருந்தும் திரையில் வராதவற்றை 'விடுபட்டவை' எனவும் பகுக்க வேண்டும். இதற்கு 20 வரிகள் போதும். இறுதியில் பேச்சு வடிவங்களை ஆசிரியர் தம் குரலில் தர வேண்டும்.

உருபனியல் பகுப்பான்கள் வந்தபின் இவ்வுழைப்பு எதற்கு எனலாம். பகுப்பான் 'மரமும்' என்பதைப் பிரித்துத் தரும் என்பது உண்மையே. எனினும் அது தவறாகப் பிரிக்கும்போது அதனைக் கண்டறிய, பிரிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் மொழிபெயர்ப்பாளரின் நிலையும் இதுவே. விடுபட்டது இன்னதென்று அறியாதவர் விடுபாட்டைக் காண இயலாது.

5. முடிவுரை

மாணவர் தம் ஊகத்தை எழுதிய பின்னரே கருவி வகுப்பினுள் வருதல் வேண்டும். அப்போது அது விடை தருவதோடு, ஊகத்தைச் சோதிக்கும் சான்றாகவும் அமையும். 'விடுபட்டவை' என்னும் பட்டியலை நிறைவுசெய்வது ஆசிரியரின் பணியாகும்.