புலனாகா ஊனமும் பொதுச் சலுகையும்

மக்கட்கு உறும் ஊனங்கள் கண்ணுக்குப் புலனாவனவும் புலனாகாதனவும் என இருவகைப்படும். முன்னதைக் கண்டவுடன் நாம் வழிவிட்டு நிற்கின்றோம், பின்னதை உடையாரையோ, "கையும் காலும் நன்றாயிருக்க இவர்க்கு ஏன் சலுகை?" என வினவுகின்றோம். ஊனமுற்றார் வண்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் மனநோயுற்றாரும் தம் வண்டியை நிறுத்தலாமா என்பதில் இவ்வினாவே தலைதூக்குகின்றது. அது பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

வாயிலருகே இடம் ஒதுக்குவது நடக்க மாட்டாதார் நடையைக் குறைத்தற்கே என்பர் பலர். ஆயின் தொலைவு அடியால் மட்டும் அளக்கப்படுவதன்று. கூட்டத்தையும் இரைச்சலையும் கண்ட மாத்திரத்தில் நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறி, மேற்செல்ல இயலாது நிற்பாரும் உளர். அவர்க்கு நூறடி வழியும் ஒரு காதமாம். இதனை உணர்ந்தே இங்கிலாந்து தேயத்தார், ஊனமுற்றார்க்கு வண்டி நிறுத்த வழங்கும் நீல அட்டையை, வழிச் செல்லுங்கால் மிக்க மனவேதனைக்கு ஆளாவாரும் பெறுமாறு 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 முதல் விதியை விரித்தனர்.

நம் நாட்டின் நிலை யாது? 1995ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயை ஊனங்களுள் ஒன்றாக எண்ணிற்று. எனினும் அரசுப் பணியிட ஒதுக்கீட்டில் அதற்குப் பங்களித்திலது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகை ஊனங்களுள் மனநோயையும் வைத்துப் பணியிடத்திலும் பங்களித்தது. பேருந்து, இரயில், விமான நிலையங்களில் ஊனமுற்றார்க்கேற்ற வண்டி நிறுத்துமிடம் அமைக்கவும் பணித்தது. ஆயினும் அவ்விடத்தில் தீட்டப்படும் குறி சக்கர நாற்காலியே. சட்டம் இருசாராரையும் எண்ண, நம் கண் ஒருசாராரையே எண்ணுகின்றது.

"பொய் கூறிச் சலுகை பெறுவாரைத் தடுப்பது எங்ஙனம்?" எனின், அதற்கும் வழியுண்டு. தன்னைப் பேணல், பிறரோடு பழகல், பேசி உணர்தல், தொழில் புரிதல் என்னும் நான்கனையும், நோய் நீடித்த காலத்தையும் ஆராய்ந்தே மருத்துவர் ஊனத்தை மதிப்பிடுவர். அது 40 விழுக்காட்டிற்குக் குறையாதிருப்பின் சட்டத்தின் சிறப்புரிமைகள் உரியவாம். இங்ஙனம் ஆய்ந்து அளித்த சான்றினும் வழிப்போக்கர் கண் சிறந்ததாகுமோ?

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, கந்தர்வகோட்டை முதலிய ஊர்களினின்று தலைநகர் மருத்துவமனைக்கு வருவாருட் பலர் பேருந்தையே நம்பியவர். அவர்க்குப் பேருந்தில் ஓர் இருக்கையும், வரிசையில் நில்லாது ஒதுங்கியிருக்க ஓரிடமுமே அச்சலுகையாம். அதனைப் பெறுதற்குப் பலர் நடுவே தம் நோயை விளக்கவேண்டின், நாணமுடையார் சலுகையைத் துறப்பர், பின்னர்ப் பயணத்தையும் துறப்பர், மருந்தும் நின்றுபோம்.

அங்ஙனம் வீட்டினுள் ஒடுங்கினாரை உலகம் எளிதில் மறக்கின்றது. அம்மறதியின் கொடிய முடிவை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6இல் ஏர்வாடியிற் கண்டோம். மனநோயாளர் விடுதியொன்றில் தீப்பற்ற, சங்கிலியாற் பிணிப்புண்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 உயிர்கள் மாண்டன. மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக விலக்கிற்று.

கல்லறைகளிடையே திரிந்த, விலங்குகளுக்கும் அடங்காத மனிதனைச் சுகப்படுத்திய நம் ஆண்டவர், அவனைத் தன் இனத்தாரிடத்திற்கே அனுப்பினார் என மாற்கு சுவிசேஷத்தால் அறிகின்றோம். விலங்கு ஒழிந்தால் மட்டும் போதாது. ஊரும் அவனை ஏற்றல் வேண்டும். வாயிலருகே விடப்படும் சிறிதிடம் அவ்வேற்பின் அடையாளமாம்.