எங்கள் கிணறு கரிப்பது ஏன்?

நீர் ஒன்றுதான், அது கொள்ளும் வடிவங்களோ பல. மலையுச்சியில் பனிக்கட்டி, வானில் முகில், ஆற்றில் வெள்ளம், கடலில் உப்புநீர், மண்ணுக்கடியில் ஊற்று. கிள்ளையில் வாழும் எங்களுக்குப் பனிக்கட்டி ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் பழக்கமானவையே. வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது, தெற்கே கொள்ளிடம், இடையே பிச்சாவரத்து உப்பங்கழிகள். இத்தனை நீருக்கு நடுவே இருந்தும், கோடை வந்தால் எங்கள் கிணற்று நீரை வாயில் வைக்க முடிவதில்லை. அம்மா குடத்துடன் தெருக்குழாய்க்கு நடக்கிறார். காரணம் என்ன?

வேதியியல் மாணவனாகிய நான் மழைநீர், கிணற்று நீர், உப்பங்கழி நீர் மூன்றையும் புட்டிகளில் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் சென்றேன். ஒவ்வொன்றிலும் சில துளி வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டேன். மழைநீர் தெளிவாகவே இருந்தது. கிணற்று நீர் பால்போல் கலங்கியது. உப்பங்கழி நீரிலோ தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவு திரண்டது. உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியுடன் சேர்ந்து கரையாப் பொருளாவதே இதற்குக் காரணம்.

மழைநீரும் பெரும்பாலும் கடலிலிருந்து வந்ததுதானே, அதில் உப்பு எங்கே என்று கேட்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் நீர் மட்டுமே ஆவியாகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. உப்பிட்டுக் கொதிக்கும் உலையின் மூடியில் படியும் துளியை நாவில் வைத்துப் பாருங்கள், கரிக்காது.

சரி, கிணற்றுக்கு உப்பு எப்படி வந்தது? 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கொண்டுவந்த உப்பு என்பர் சிலர். மேலிருந்து வந்த உப்பாயின், ஆண்டுதோறும் மழை அதைக் கழுவிக் குறைத்திருக்க வேண்டும். எங்கள் கிணறோ கோடைதோறும் புதிதாகக் கரிக்கிறது. ஆகவே உப்பு கீழிருந்துதான் வருகிறது என்று கருதுகிறேன்.

கடற்கரை மணலுக்கடியில் கடல்நீர் உட்புகுந்து நிற்கிறது. நன்னீர் அதைவிட எடை குறைந்ததாதலால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். கைபன், ஹெர்ஸ்பர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்த விதி இது. இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது: மின்விசைப் பம்புகளால் நன்னீரை இறைத்து மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் வரை மேலேறி வரக்கூடும்!

பிச்சாவரத்துச் சுரபுன்னை உப்பை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டல் இலைவழியே கசியவிடும். நெல்லுக்கும் நமக்கும் அந்த ஆற்றல் இல்லை. நமக்குள்ள காவல் மழைநீர் ஒன்றே.

சென்ற ஐப்பசியில் கூரைநீரைக் கிணற்றருகே வெட்டிய குழியில் இறக்கினோம். பங்குனியில் மீண்டும் சோதித்தேன். கலங்கல் இருந்தது, ஆனால் முன்னைவிடக் குறைவு. அம்மா இன்னும் தெருக்குழாய்க்குத்தான் போகிறார். ஒரு வீட்டுக் குழி ஒரு கிணற்றைக்கூட முழுதும் காக்காது, ஏனெனில் மண்ணுக்கடியில் நீருக்கு வேலி இல்லை. ஊர்முழுதும் குழி வெட்டி, குளங்களைத் தூர்வாரினால் கடலைக் கடலிலேயே நிறுத்தலாம். வரும் ஐப்பசிக்குள் அதைத் தொடங்குவோமாக!