மெத்தையும் கெடக்கூடாது, தூக்கமும் கெடக்கூடாது!

மும்பையில் ஒரு குடும்பம் மெத்தை வாங்குவது லேசான காரியம் அல்ல. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். விலை பேச வேண்டும். டெம்போவில் ஏற்றி வந்து, செங்குத்தான மாடிப்படியில் இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பத்து ஆண்டுகளாவது உழைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு பணம் போடுகிறார்கள். ஆனால் இரண்டு மழைக்காலம் போவதற்குள் மெத்தையில் மஞ்சள் கறை. கிட்டே போனால் ஒரு புழுக்க வாடை!

வியர்வைதான் முதல் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நகரில் சுமார் 2 ஆயிரம் மில்லி மீட்டர் மழை கொட்டுகிறது. காற்றே ஈரமாக இருக்கும்போது, உடம்பிலிருந்து இறங்கும் வியர்வை மெத்தைக்குள் போய்த் தங்கிவிடுகிறது. திருநெல்வேலிப் பக்கம் என்றால் மெத்தையை முற்றத்து வெயிலில் போட்டு, தடியால் நாலு தட்டுத் தட்டி எடுத்துவிடலாம். தாராவியிலும் கோலிவாடாவிலும் ஒற்றை அறையில் குடியிருப்பவர் வெயிலுக்கு எங்கே போவார்? மெத்தையைத் துவைக்கவும் முடியாது. துவைக்கக்கூடிய ஒன்றை அதன் மேல் போடுவதே வழி.

கடைகளில் "மாட்ரஸ் புரொடக்டர்" என்று விற்கப்படும் காப்பு உறை இதற்காக வந்ததுதான். மெத்தைக்கும் படுக்கை விரிப்புக்கும் நடுவில் இது கிடக்கும். சில நூறு ரூபாயிலும் கிடைக்கிறது; ஆயிரக்கணக்கிலும் கேட்கிறார்கள்.

மொடமொடக்கும் பிளாஸ்டிக்

மலிவாக இருக்கிறதே என்று பலரும் முதலில் வாங்குவது பிளாஸ்டிக் உறை. சிலர் குழந்தைக்கு வாங்கிய ரப்பர் ஷீட்டையே விரித்துவிடுகிறார்கள். தண்ணீர் கீழே இறங்காது என்பது உண்மைதான். ஆனால் வியர்வை ஆவியும் இறங்காது. நடு இரவில் முதுகு நனைந்து விழிப்பு வரும். புரண்டு படுத்தால் மொடமொடவென்று சத்தம். அதிகாலை ஷிப்டுக்கு எழுந்து ஓட வேண்டியவர் எத்தனை நாள் பொறுப்பார்? ஒரே வாரத்தில் உறை பரணுக்குப் போகிறது. மெத்தை பழையபடி கறை பிடிக்கிறது. படுக்கிறவருக்குப் பிடிக்காத உறை எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயன் இல்லை.

இப்போது வரும் நல்ல ரகங்களில் மேல்பக்கம் பருத்தி டெரி துணி, அதாவது துண்டுபோல நூல் சுருள் உள்ள துணி இருக்கும். அடிப்பக்கம் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். நீர்த்துளியை இந்தப் படலம் தடுத்துவிடும். ஆவியை மட்டும் மெல்ல வெளியே விடும். துணி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். கையில் பிடித்துக் கசக்கினால் சத்தம் அதிகம் வராது.

கடையில் மாதிரித் துண்டு இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். டம்ளரில் வெந்நீர் ஊற்றி, வாயைத் துணியால் மூடி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சில நிமிடங்களில் கண்ணாடியில் பனி படர்ந்தால் ஆவி வெளியேறுகிறது என்று அர்த்தம். வெறும் பிளாஸ்டிக்கில் இது நடக்காது. அதே துண்டில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் வைத்துப் பார்த்தால் ஒழுகுமா என்பதும் தெரிந்துவிடும்.

மெத்தைக்கு ஏற்ற உறை

உடம்பின் சூட்டுக்கு இளகிக் கொடுக்கும் மெமரி ஃபோம் மெத்தைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உறை கூடாது. சூடு ஃபோமுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சுகம் உறைக்கு அடியிலேயே நின்றுவிடும். இழுத்தால் நீளும் மெல்லிய உறையே அதற்குப் பொருத்தம். தேங்காய் நார் மெத்தை கெட்டியானது. அதற்குத் தடித்த உறை போட்டால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம் பஞ்சு மெத்தையின் கதை வேறு. இலவம் பஞ்சு இழையில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. எளிதில் நீரை உறிஞ்சாது. மிதவைச் சட்டைகளுக்குள் அதை அடைத்த காலமும் உண்டு! ஆனால் காற்றோட்டம் இல்லாவிட்டால் அதுவும் கட்டி தட்டும். தினப்படிக்குக் கெட்டியான பருத்தி விரிப்பே அதற்குப் போதும். குழந்தையோ நோயாளியோ படுக்கும்போது மட்டும் நீர் இறங்காத உறையைப் போடலாம்.

மேல்பக்கம் மட்டும் மூடும் உறை மெத்தையின் அடிப்பக்கத்தைக் காப்பாற்றாது. துளையே இல்லாத பிளைவுட் பலகையில் கிடக்கும் மெத்தைக்கு மழைக்காலத்தில் அடியில் பூஞ்சை பிடிக்கும். அவ்வப்போது நிமிர்த்தி வைத்து, மின்விசிறிக் காற்று படச் செய்வது அவசியம்.

"எனக்குப் பாய் போதும்"

வைத்தியத்துக்காக ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வரும் பெரியவர்கள் பலர், "எனக்குத் தரையில் பாய் போதும்ப்பா" என்று சொல்வார்கள். அது பழக்கம் என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். பல சமயங்களில் காரணம் வேறு. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர், இரவில் அடக்க முடியாமல் போய்விட்டால் மகன் ஆசையாக வாங்கிய மெத்தை பாழாகுமே என்று பயப்படுகிறார். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். முட்டி வலியோடு தரையிலிருந்து எழுந்து தடுமாறுகிறார்.

கட்டிலில் நல்ல உறையை முன்கூட்டியே போட்டுவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. விரிப்புக்கு மேலே, இடுப்புப் படும் இடத்தில் குறுக்காக ஒரு கனமான பருத்தித் துணியைச் செருகி வைக்கலாம். நனைந்தால் அதை மட்டும் உருவி மாற்றினால் போதும். நடு இரவில் விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு உறையில் சுருக்கம் விழவே கூடாது. ஈரமும் சுருக்கமும் சேர்ந்தால் படுக்கைப் புண் வரும். டாக்டர் சொல்லிக் காற்று மெத்தை போட்டிருந்தால், அதன் மேல் துணிக்கு மேல் துணி அடுக்கக் கூடாது.

கைக்குழந்தை படுக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கைத் தளர்வாக விரிப்பது ஆபத்து. முகத்தில் ஒட்டினால் மூச்சு முட்டும். இறுக்கமாகப் பிடிக்கும் உறைதான் போட வேண்டும்.

மூட்டைப்பூச்சி, ஆஸ்துமா

இந்த இரண்டுக்கும் மேல்பக்கம் மட்டும் மூடும் உறை போதாது. ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் பை போன்ற உறை வேண்டும். மூட்டைப்பூச்சி ரத்தம் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். எனவே ஜிப்பை ஓராண்டுக்கு மேல் திறக்காமல் வைப்பது நல்லது. கட்டில் மூட்டிலும் சுவர் வெடிப்பிலும் இருப்பவை வேறு. அதற்குத் தனியாக மருந்து அடிக்காமல் உறையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். தூசி உண்ணிகளால் இழுப்பு வருகிறவர்களுக்கும் இந்த ஜிப் உறை உதவும்.

அளவு, துவையல்

நீளம், அகலத்தை மட்டும் சொல்லி வாங்குகிறவர்கள் அதிகம். 72க்கு 36 அங்குலம் என்பதோடு, மெத்தையின் கனம் 4 அங்குலமா 8 அங்குலமா என்பதையும் அளந்து போக வேண்டும். கனத்துக்குப் பற்றாத உறை இரவில் ஓரம் கழன்று, முதுகுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். நாலு மூலையிலும் பட்டை மட்டும் உள்ளதைவிட, சுற்றிலும் எலாஸ்டிக் வைத்தது நகராமல் இருக்கும்.

மெத்தைக் கம்பெனிகள் பல, கறை பட்ட மெத்தைக்கு உத்தரவாதம் தருவதில்லை. ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் இதைப் படிக்கிறவர் குறைவு. உறையை மெத்தை வந்த அன்றே போட்டுவிடுவது நல்லது.

பிளீச்சிங் பவுடர், இஸ்திரி, கொதிக்கும் வெந்நீர் மூன்றும் பாலியூரித்தேன் படலத்துக்கு ஆகாது, படலம் உரிந்துவிடும். துவைக்கும் கல்லில் அடிக்கவும் கூடாது. மழைக்காலத்தில் காய இரண்டு நாள்கூட ஆகலாம் என்பதால், உயர்ந்த விலையில் ஒன்று வாங்குவதைவிட நடுத்தர விலையில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதே சௌகரியம். நடுத்துணி காய்ந்த பிறகும் எலாஸ்டிக் தைத்த ஓரத்தில் ஈரம் இருக்கும். அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு மெத்தையில் மாட்ட வேண்டும்.