மூலைக் கூம்பின் ஜீர்ணோத்தாரணம்

கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தலிலும் மரக்கிளையில் கட்டப்பட்டு, விடியற்காலையிலேயே ஊரை எழுப்பிவிடும் ‘குழாயை’ அறியாத தமிழர் இலர். அந்தக் குழாயின் இனத்தைச் சேர்ந்ததே எனினும், குணத்தில் அதனினும் பன்மடங்கு மென்மையும் நுட்பமும் வாய்ந்த ஒரு சாதனம், வீட்டுக் கூடத்தின் மூலையில் பெரிய மரப்பெட்டியாக அமர்ந்து, பாடகர் மூச்சு வாங்குவதையும் தந்தியில் விரல் உராய்வதையும்கூடக் கேட்போர் செவியில் சேர்ப்பதாக, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக அமெரிக்காவில் இடைவிடாது செய்யப்பட்டு வருகிறது. கிளிப்ஷ்ஹார்ன் என்பது அதன் பெயர். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட அத்தகைய பெட்டிகள் இன்றும் கைமாறி வருகின்றன. அவற்றை வாங்குவோரில் அநேகர், கடையில் கொடுக்காமல் தம் வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்து, தம் விருப்பப்படி சில மாறுதல்களும் செய்துகொள்கின்றனர். அந்த வேலையின் முறையும் நியாயமும் யாவை என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

குழாய்க்கும் இப்பெட்டிக்கும் பொதுவான கூம்பு செய்யும் காரியம் இன்னதென்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் நலம். வெறுங்கையைக் காற்றில் வீசினால் கை களைப்பதன்றி வேறு பயனில்லை. அதே கையை நீருக்குள் வீசினால், நம் உழைப்பு நீரில் ஏறுகிறது. சாதாரண ஒலிபெருக்கியில் முகப்பிலேயே பொருத்தப்பட்டுள்ள காகிதச் சவ்வு, வெறுங்காற்றில் வீசிய கையின் கதியையே அடைகிறது. அதற்கு ஊட்டப்படும் மின்சக்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே சப்தமாக வெளிப்பட, எஞ்சியது கம்பிச்சுருளில் வெப்பமாக விரயமாகிறது. சவ்வின் முன்னே குறுகிய தொண்டையொன்றை அமைத்து, அத்தொண்டை சிறிது சிறிதாக விரிந்து அகன்ற வாயாக முடியும்படி செய்துவிட்டால், தொண்டையிலுள்ள காற்று சவ்வை எதிர்த்து நிற்கும் பலம் பெறுகிறது. சவ்வு கொடுக்கும் மிகுந்த அழுத்தமும் குறுகிய அசைவும், வாயை அடையும்போது குறைந்த அழுத்தமும் பரந்த அசைவுமாக உருமாறி அறையில் கலக்கின்றன. ஒரு வாட் சக்தியில் ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பெட்டி 88 டெசிபல் தருமானால், கிளிப்ஷ்ஹார்ன் 104 டெசிபல் அளவில் ஒலிக்கிறது. இந்த 16 டெசிபல் வித்தியாசத்தின் பொருள், பிறிதொரு பெட்டி 40 வாட் உண்டு செய்வதை இது ஒரு வாட்டில் செய்து முடிக்கிறது என்பதாகும். அது மட்டுமன்று, அதே சப்தத்துக்குச் சவ்வு மிகச் சிறிதளவே அசைவதால், அசைவின் மிகுதியால் விளையும் கோணல்களும் குறைந்துவிடுகின்றன.

இவ்வளவு சிறப்பிருந்தும் கூம்பு வீடுகளில் பரவாமைக்குக் காரணம் அதன் பருமனேயாம். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் கூம்பற்ற ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்துக் காட்டியபின் வீடுகள் அதையே தழுவிக்கொள்ள, கூம்பு பேசும்படக் கொட்டகைகளின் திரைக்குப் பின்னே குடியேறிற்று. வினாடிக்கு 40 அதிர்வுகளைக் கொண்ட கனத்த நாதத்தின் அலைநீளம் எட்டரை மீட்டர். அதைத் தடையின்றி வெளியேற்றும் கூம்பின் வாய்ச் சுற்றளவும் ஏறத்தாழ அவ்வளவு இருத்தல் வேண்டும் என்பது விதி. அஃதாவது வாயின் குறுக்களவு மட்டும் 2.7 மீட்டர்; அதை வைத்தபின் கூடத்தில் மனிதர் அமர இடமேது?

இந்தச் சங்கடத்துக்கு யுக்தி கண்டவர் பால் வில்பர் கிளிப்ஷ். 1904-ல் இந்தியானா மாகாணத்து எல்கார்ட் நகரில் பிறந்து, மின்பொறியியல் பயின்று, தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் வெடியுப்புச் சுரங்க ரயில் பாதையின் மின்சார எஞ்சின்களைப் பராமரித்து, பின்பு டெக்ஸஸில் பூமிக்கடியில் எண்ணெய் தேடும் பௌதிக ஆராய்ச்சியில் ஈடுபட்டு, இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆர்க்கன்ஸா மாகாணத்து ஹோப் என்னும் சிற்றூரின் படைக்கலச் சோதனைக் களத்தில் பணிபுரிந்தவர் அவர். அறையின் மூலையில், இரு சுவர்களும் தரையும் கூடுமிடத்தில், ஒலி பரவும் வெளி எட்டில் ஒன்றாகக் குறுகிவிடுவதால், கூம்பின் வாய்ப்பரப்பும் எட்டில் ஒரு பங்கிருந்தால் போதும் என்பதை அவர் பிடித்துக்கொண்டார். எஞ்சிய நீளத்தைப் பெட்டிக்குள்ளேயே மடித்து மடித்து அடக்கிவிட்டு, அதன் கடைசிப் பகுதியாக வீட்டுச் சுவர்களையே உபயோகித்துக்கொண்டார். 1946-ல் ஹோப் நகரில் அவர் தொடங்கிய தொழில் இன்றும் நடைபெறுகிறது. அவரோ 2002-ல், 98-ஆம் வயதில் மறைந்தார்.

பெட்டியின் உறுப்புகள் மூன்று. கீழே, வெளியே தெரியாதபடி, மூடிய அறையொன்றில் 15 அங்குலச் சவ்வு இருக்கிறது. அதன் நாதம் ஒரு நீள்சதுரத் துளை வழியே புகுந்து, மேலும் கீழுமாகப் பிரிந்து, மடிப்புகளில் திரும்பிப் பெட்டியின் பின்புறத்து இரு பக்கங்களிலும் சுவரோரமாக வெளிப்படுகிறது. மேலே, ஏறத்தாழ 400 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நடுநாதங்களுக்கு உலோகக் கூம்பு ஒன்றும், 6000-க்கு மேற்பட்ட உச்சநாதங்களுக்கு ‘ட்வீட்டர்’ எனப்படும் சிறு கூம்பு ஒன்றும் உள்ளன. ஆம்ப்ளிபையரிலிருந்து வரும் மின்சாரத்தை இம்மூன்றுக்கும் உரியவாறு பகிர்ந்தளிப்பது ‘கிராஸ்ஓவர்’ என்னும் பலகை. சில கண்டென்சர்களும், காயில்களும், நடுக்கூம்பின் உரத்தைத் தணிக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் ஒன்றுமே அதில் இருப்பன. சிற்சில வகைகளில் ட்வீட்டரைக் காக்கும் ஸீனர் டையோடுகளும் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். பழைய சாதனத்தைக் கையிலெடுத்தவர்க்கு எழும் முதல் ஆசை, அதனினும் மேலான உறுப்பை வாங்கிப் பொருத்துவதாகும். ஆனால் புதுப்பித்தல் வேறு, மாற்றியமைத்தல் வேறு என்பதை உணர்ந்து, முன்னதை முற்றும் முடித்த பின்னரே பின்னதில் கைவைப்பது அறிவுடைமை. ஏனெனில், நலிந்து கிடக்கும் பெட்டியின் குறையை வடிவமைப்பின் குறையென்று மயங்கி, இல்லாத நோய்க்கு மருந்திடுவோர் பலர்.

முதற் பரிசோதனை காற்றுக் கசிவைப் பற்றியது. பெரிய சவ்வு அமர்ந்துள்ள அறை காற்றுப்புகாது மூடியிருப்பது வெறும் தச்சு நேர்த்திக்காக அன்று. அவ்வறையில் அடைபட்ட காற்றின் விறைப்பு, கூம்பின் தொண்டையிலுள்ள காற்றின் கனத்தை ஈடுசெய்து சமனாக்கும்படி கிளிப்ஷ் கணக்கிட்டிருந்தார். மூடியின் திருகுகள் தளர்ந்தோ, கேஸ்கட் இறுகிப் பொடிந்தோ, பிளைவுட்டின் இணைப்பு விரிந்தோ காற்று கசியுமாயின், அந்தச் சமன் குலைந்து கீழ்நாதம் மெலிந்துவிடும். புதிய நுரைப்பட்டையும் சிறிது மரப்பசையுமே இதற்குச் சிகிச்சை. அடுத்தது சுவர். பெட்டியின் பின்விளிம்பு இரு சுவர்களோடும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். சுவரடியில் ஓடும் பலகையோ, சன்னலோ, கதவோ குறுக்கிட்டால் கூம்பின் கடைசி அடிகள் ஓட்டை விழுந்தனவாகின்றன. விளிம்பில் தடித்த நுரைப்பட்டை ஒட்டிச் சுவரோடு நெருக்கி வைப்பதும், மூலையே சரியில்லாத வீட்டில் கனத்த பிளைவுட்டால் பொய்ச்சுவர் இரண்டு நிறுத்துவதும் பழகிய பரிகாரங்கள். கம்பெனியாரே தங்கள் அண்மைக்காலப் பெட்டிகளின் பின்புறத்தை முழுமையாக மூடிச் செய்யத் தொடங்கியிருப்பது, இக்குறை எவ்வளவு பொதுவானது என்பதற்குச் சான்று.

அதன்பின் கிராஸ்ஓவர். எண்ணெயில் தோய்ந்த காகிதத்தை உள்ளடக்கிய தகரக்கூட்டுக் கண்டென்சர்கள், காலப்போக்கில் உள்தடை ஏறி, உச்சநாதங்களை மங்கச் செய்கின்றன. அளவுமானியால் சோதித்து, அதே மைக்ரோஃபாரட் மதிப்புள்ள பாலிபுரொப்பிலீன் கண்டென்சர்களை இடலாம். மின்விசிறிக்கும் பம்புக்கும் போடும் மோட்டார் ரன் கண்டென்சர்களையே நாடுவோரும் உளர். மின்முனைப் பேதமுள்ள சாதாரண எலெக்ட்ரோலிடிக் வகை இங்கு உதவாது. எச்சரிக்கை ஒன்று: அமெரிக்காவில் 1979-ல் தடைசெய்யப்பட்ட பிசிபி என்னும் நச்செண்ணெய், அதற்கு முற்பட்ட கண்டென்சர்களில் இருக்கக்கூடும், ஆதலால் கசியும் கூட்டை வெறுங்கையால் தொடுவதும், உடைத்துப் பார்ப்பதும், குப்பையில் எறிவதும் கூடா.

15 அங்குலச் சவ்வைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் கவலைக்கிடமில்லை. அதன் விளிம்பு, சில ஆண்டுகளிலேயே உளுத்து உதிரும் நுரைப்பொருளால் அன்றி, மடிப்பு மடிப்பான துணியால் ஆனது. ட்வீட்டரின் சிறு சவ்வோ, அளவுமீறிய மின்சாரத்தால் கருகியிருத்தல் சாதாரணம். அதை மட்டும் புதிதாக வாங்கி மாற்றலாம். ஆயின் அல்னிக்கோ காந்தத்தைத் துணைத் தகடுகளிலிருந்து பிரித்துவிடலாகாது. பிரித்த கணமே காந்தசக்தியின் பெரும்பகுதியை அது இழந்துவிடும்.

இவ்வளவும் செய்து, சில வாரங்கள் கேட்டுப் பழகிய பின்னும் மனம் நிறைவடையாதவர்க்கே மாற்றியமைக்கும் உரிமை. அவற்றுள் மிக எளியது நடுக்கூம்பின் கணகணப்பை அடக்குதல். விரல்மடியால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் அந்த உலோகம், பாட்டிலும் தன் ஒலியைச் சிறிது கலக்கிறது. அதன் வெளிப்புறத்தில் உலராத பசைக்கயிற்றைச் சுற்றியோ, மோட்டார் வண்டிகளின் கதவில் ஒட்டும் தார்ப்பட்டையைப் பதித்தோ அதை மௌனமாக்கலாம். உட்புறத்தை மட்டும் தீண்டலாகாது. கூம்பின் கணிதம் முழுவதும் அவ்வுள்வளைவில்தான் இருக்கிறது.

நடுநாதம் செவியைக் குத்துகிறது என்பது பழைய கூம்புகள்மீது சாட்டப்படும் வழக்கமான குற்றம். ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் மூன்று மூன்று டெசிபலாகக் குறைக்கும் முனைகள் ஏற்கெனவே இருப்பதால், கம்பியை ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு மாற்றிப் பற்றவைத்தால் போதும் என்று தோன்றும். இங்கேதான் இந்த யந்திரம் தன் உண்மையான இயல்பைக் காட்டுகிறது. நடுக்கூம்பை ஒலிக்கச் செய்யும் ‘ஓட்டி’ (டிரைவர்) 16 ஓம்; மூன்று டெசிபல் குறைக்கும் முனையில் அது கண்டென்சருக்கு 32 ஓமாகத் தோன்றுகிறது; 13 மைக்ரோஃபாரட் கண்டென்சர் அந்த 32 ஓமுடன் சேர்ந்து 382 அதிர்வுகளில், அஃதாவது கருதியபடி 400-க்கு அருகில், எல்லை வகுக்கிறது. இப்போது ஆறு டெசிபல் முனைக்கு மாற்றினாலோ, ஓட்டி 64 ஓமாகத் தோன்ற, எல்லை 191-க்கு இறங்கிவிடுகிறது. நடுக்கூம்பின் சிறு சவ்வு தன்னால் இயலாத கனத்த நாதங்களைச் சுமக்க நேர்ந்து, பெரிய சவ்வின் எல்லைக்குள்ளும் புகுந்து குழப்புகிறது. ஆதலின் முனையை மாற்றுபவர் கண்டென்சரையும் 6.5 மைக்ரோஃபாரடாகப் பாதியாக்க வேண்டும்; அல்லது டிரான்ஸ்பார்மருக்குக் குறுக்கே 10 ஓம் அளவிலான தடையொன்றைப் பொருத்தி, எந்த முனையிலும் சுமை பெரிதும் மாறாதபடி செய்து, அதற்கேற்பக் கண்டென்சரைத் திருத்திக்கொள்ள வேண்டும். சப்தத்தைக் குறைக்கும் ஒரு கம்பி, நாதத்தின் எல்லையையே பெயர்த்துவிடுகிறது என்பது, தனியுறுப்பென்று ஒன்றும் இதில் இல்லை என்பதற்கு உதாரணமாகும்.

இதே விதி ஏனைய மாறுதல்களுக்கும் பொருந்தும். உச்சநாதம் இன்னும் தெளிவாக வேண்டுமென்று வேறு ட்வீட்டரைப் பொருத்துவோர், புதியது பழையதன் உரத்துக்கு ஈடாக இருக்கிறதா, 6000 அதிர்வுகளில் நடுக்கூம்போடு இசைந்து இணைகிறதா என்று அளந்து பார்த்தாக வேண்டும். கீழ்நாதம் மடிந்த பாதையைச் சுற்றி வருவதால் மேல்நாதங்களுக்குச் சற்றுப் பின்தங்கியே செவியை அடைகிறது. இதை எந்தக் கண்டென்சராலும் திருத்த இயலாது; கிராஸ்ஓவரையே நீக்கி, மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி ஆம்ப்ளிபையர் வைத்து, டிஜிட்டல் கருவியால் மேல்நாதங்களைச் சில மில்லிசெகண்ட் தாமதிக்கச் செய்வோர் இக்குறையையும் வென்றுவிடுகின்றனர். அத்தகைய ஏற்பாட்டில், சிறுபிழையும் ட்வீட்டரைக் கருக்கிவிடுமாதலால், அதனோடு காப்புக் கண்டென்சர் ஒன்றை வரிசையில் விட்டுவைப்பது பத்திரம்.

ஆம்ப்ளிபையரைப் பற்றியும் ஒரு சொல். ஒரு வாட்டிலேயே கூடத்தை நிரப்பும் பெட்டிக்கு நூறு வாட் வாங்குவது வீண். அன்றியும், மற்றப் பெட்டிகளில் கேளாதிருந்த ஆம்ப்ளிபையரின் சீறலும் முனகலும் இந்தப் பெட்டியில் 16 டெசிபல் உயர்ந்து கேட்கும். உலகுக்கு வேண்டியது நல்லதோர் ஐந்து வாட் ஆம்ப்ளிபையரே என்று கிளிப்ஷ் வேடிக்கையாகக் கூறிவந்ததாகச் சொல்வர். வேடிக்கையாயினும் கணக்குத் தவறாத வேடிக்கை அது.

இத்தகைய பழம்பொருளை மாற்றுவது அபசாரமாகாதா என்று சிலர் வினவுவர். கிளிப்ஷ் தம் ஆயுளில் கிராஸ்ஓவரைப் பன்முறை மாற்றினார். மரத்தாலான நடுக்கூம்பை உலோகத்தாலும், பின்பு உலோகத்தினதைச் செயற்கைப் பொருளாலும் அவர் கம்பெனி மாற்றிற்று. மூலையும், மடித்த கூம்பும் மட்டும் மாறாதிருந்தன. ஆகவே மாற்றுதல் இச்சாதனத்தின் மரபுக்கு முரணன்று. அளக்காமல் மாற்றுதலே முரண். கழற்றிய உறுப்புகளைப் பெயரெழுதிப் பத்திரப்படுத்தி, மரத்தில் புதுத் துளையிடாது, ஒரு வேளையில் ஒரே ஒரு மாறுதலைச் செய்து, செய்ததற்கு முன்னும் பின்னும் அளந்து எழுதிவைப்பவர், தாம் செய்தது பிழையெனக் கண்டால் ஒரு மாலைப்பொழுதில் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். அந்த வசதியைக் காத்துக்கொண்டவர்க்கு எவ்வளவு துணிந்த பரிசோதனையும் தகும்.