குளத்து நீரும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. தோட்டச் செய்கை கிணற்று நீரையே நம்பியுள்ளது. அக்கிணறுகளை நிரப்புவது, பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையாகும். மழைநீர் மண்ணினூடே வடிந்து, கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அதற்குங் கீழே இருப்பது உவர்நீர். நன்னீர் பாரம் குறைந்ததாதலின் அதன்மேல் மிதக்கின்றது. புத்தூர் நிலாவரையில் மேல்நீர் நன்னீராயும் ஆழத்து நீர் உவராயும் இருப்பதைப் பலரும் அறிவர்.

கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே, குளத்தில் தேங்கி நிலத்துள் இறங்கும் நீர் சிறிதாயினும் பயன் பெரிது. மேல்மட்டம் தாழ்ந்தாலோ, அதே விகிதத்தில் உவர் மேலெழ முற்படும்.

குளம் எல்லார் கிணற்றுக்கும் நீரூட்டும். ஆயினும் பயன் ஒரே அளவிற் சேர்வதில்லை. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் உடல்வலிமையே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. 2 பரப்பில் வெங்காயம் நட்டவரின் ஆழமற்ற கிணறு, அயலில் 20 பரப்புக்கு இயந்திரத்தால் இறைப்பவரின் கிணற்றுக்கு முன்பே வற்றும். கிணற்றை ஆழமாக்க அவரிடம் பணமில்லை. பணமுள்ளவர் ஆழமாக்கினாலும் உவரை நெருங்குகின்றாரேயன்றி வேறில்லை. மிகுதியாக இறைக்குங் கிணற்றின் அடியிலேயே உவர் முதலில் மேலெழும். பெருந்தோட்டக்காரர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆதலால், குளந் திருத்துஞ் செலவை வீட்டுக்கு இவ்வளவு எனப் பங்கிடுவது நியாயமன்று. இறைக்கும் பரப்பளவின்படி பங்கிடுதலே தகும். பங்குக் கிணறுகளில் முறைவைத்து இறைக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. அம்முறையை அயற் கிணறுகளுக்கும் விரித்து, ஒரே நாளில் யாவரும் இறைப்பதைத் தவிர்க்கலாம். ஒரேயடியாக நெடுநேரம் இறைப்பதிலும் இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைப்பது கிணற்றுக்குப் பாதுகாப்பு.

குப்பை கொட்டிய குளம் இல்லாத குளத்திலும் கேடானது; சுண்ணாம்புக் கல்லின் பொந்துகள் அழுக்கை வடிகட்டுவதில்லை. தூர்வாரும் வேலையை, நீர்வரும் வாய்க்கால்களைத் துப்புரவாக்குவதோடு சேர்த்து, புரட்டாசிக்குள் முடித்தல் வேண்டும். எடுத்த வண்டலைத் தோட்டத்துக்கு இடலாம். கரையிற் குவித்துவிட்டால், முதல் மழையே அதனை மீண்டும் குளத்துள் இறக்கிவிடும்.