வீடும் மூச்சு விடட்டும்

‘வென்டிலேட்டர்’ என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது தீவிர சிகிச்சைப் பிரிவின் செயற்கைச் சுவாசக் கருவியே. பழைய வீடுகளிலோ, கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் அமைந்த சிறு திறப்புக்கே அப்பெயர் வழங்கியது. சூடான காற்று மேலெழுந்து அதன் வழியே வெளியேறும். தாழ்ந்த சன்னல்கள் வழியே புதிய காற்று உள்ளே வரும். இதற்கு மின்சாரம் தேவையில்லை.

குளிர்சாதனம் வந்தபின் அத்திறப்புகளை அடைத்துவிட்டோம். வீடுகளில் பொருத்தப்படும் ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் அறைக் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது; வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு உள்ளது. மூடிய அறையில் இருவர் உறங்கினால், விடிவதற்குள் அது 1000 பங்கை எளிதில் கடந்துவிடும். அந்த அளவு நஞ்சன்று. ஆயினும் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் உள்ளிழுக்கிறார் என்பதற்கு அது அடையாளம். காசநோய் பரவுவது இவ்வழியில்தான். நோயாளியின் அருகில் உறங்கித் துணையிருப்போர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பெரு நாட்டின் லீமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று 2007-இல் வெளியானது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் மணிக்கு 12 முறை காற்று மாறியதாகக் கணக்கிட்ட அவ்வாய்வு, சன்னல்களையும் கதவுகளையும் முழுவதும் திறந்த அறைகளில் அது 28 முறை மாறியதைக் கண்டது. உயர்ந்த கூரையுடைய பழைய கட்டடங்களில் பயன் இன்னும் மிகுதி.

இந்த எளிய உண்மையைக் குறைந்த கார்பன் வீடுகள் இன்று தானியங்கியாகச் செயல்படுத்துகின்றன. கரியமில வாயு, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைச் சென்சார்கள் அளக்கின்றன. அளவு மிகுந்தால் உயரத்திலுள்ள சன்னலைச் சிறு மோட்டார் திறக்கிறது. மழை பெய்தால் மூடுகிறது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் திறந்து, சுவர்களில் தேங்கிய வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஏ.சி. மணிக்கணக்கில் இழுக்கும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகச் சொற்பம்.

கருவி இல்லாத வீட்டிலும் இப்பயனைப் பெறலாம்:

• எதிரெதிர்ச் சன்னல்களைக் காலையிலும் மாலையிலும் திறந்து வையுங்கள், கொசுவலை பொருத்துங்கள்.

• வெளியே புகையோ குப்பை எரிப்போ இருந்தால் மூடிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளோருக்கு இது மிக முக்கியம்.

• கடும் வெயிலில் முதியோரும் இதய நோயாளிகளும் ஏ.சி.யைத் தவிர்க்க வேண்டியதில்லை. இடையிடையே அறைக் காற்றை மாற்றினால் போதும்.

• காற்றோட்டம் மருந்துக்கோ முகக்கவசத்துக்கோ மாற்றன்று, அவற்றுக்குத் துணை.

வீடு திரும்புமுன், நோயாளி படுக்கப்போகும் அறையின் சன்னல் திறக்கக்கூடியதா என்று பார்த்துவிடுங்கள்.