தீக்குச்சிக்குப் பின்னால் இருந்தவர்கள்

உரசினால் பற்றும் தீக்குச்சியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர், இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் மருந்துக்கடை நடத்திய ஜான் வாக்கர் ஆவார். பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்பைடையும் பசையுடன் குழைத்துக் குச்சியின் முனையில் தோய்த்து, மடித்த உப்புத்தாளுக்கு இடையே இழுத்தால் எரியும்படி அவர் செய்த குச்சிகள் 1827இல் விற்பனைக்கு வந்தன. பிறர் அதைச் செய்து விற்காதபடி தடுக்கும் சட்ட உரிமையான காப்புரிமையை அவர் பெறாததால், பலரும் அம்முறையைத் தழுவினர்.

1830 வாக்கில் பிரான்சைச் சேர்ந்த சார்ல் சோரியா வெண் பாஸ்பரஸைச் சேர்த்ததும் குச்சி எளிதாகப் பற்றியது. ஆனால் அந்த நச்சுப்பொருளின் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடையெலும்பு அழுகத் தொடங்கியது. பின்னாளில் சென்னை அடையாறில் பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கிய அன்னி பெசன்ட், லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையொன்றின் குறைந்த கூலியையும் அபராதங்களையும் கட்டுரையாக வெளிப்படுத்தியதைத் தொடர்ந்து, 1888இல் அங்குப் பணியாற்றிய பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். தீக்குச்சியில் வெண் பாஸ்பரஸைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்பாடு 1906இல் பெர்ன் நகரில் கையெழுத்தானது.

இதற்கான மாற்றுவழி சுவீடனில் முன்பே பிறந்திருந்தது. பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் உரசும் பரப்பில் பூசும் முறைக்கு குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை பெற்றார். ஆஸ்திரிய வேதியியலாளர் ஆன்டன் ஷ்ரோட்டர் ஆராய்ந்து விளக்கிய, நச்சுத்தன்மையற்ற சிவப்பு பாஸ்பரஸைக் கொண்டு லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அம்முறையைத் தொழிலாக வளர்த்தனர். பெட்டியின் பக்கத்தில் உரசும்போது எழும் வெப்பத்தால் அங்குள்ள பாஸ்பரஸ் சிறிதளவு பற்றிக்கொள்ள, குச்சி மருந்திலுள்ள குளோரேட் ஆக்சிஜனை வெளியிட்டு அத்தீயை வளர்க்கிறது. இரண்டும் தனித்தனியே இருப்பதால் குச்சி தானாகப் பற்றுவதில்லை.

இத்தொழிலைக் கல்கத்தாவில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் சிவகாசியில் அதைத் தொடங்கி, வறண்ட அப்பகுதிக்கு வாழ்வாதாரம் அளித்தனர். ஆகவே தீக்குச்சியின் வரலாற்றை எழுதும்போது, அதைக் கண்டுபிடித்தவர்களுடன், அதன் நஞ்சால் நலிந்தும் உரிமைக்காகப் போராடியும் வாழ்ந்த தொழிலாளர்களுக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும்.